இடப்பக்கமே திரும்பினால் பெரிய டிரைவரா? – ரிக் மியர்ஸ்

மே 4, காலை

இழையைத் தொடங்கிவைத்த நண்பரின் கேள்வி அப்படியே:

"ரிக் மியர்ஸ், ரிக் மியர்ஸ் என்று ஆளாளுக்குத் தூக்கிவைத்துப் பேசுகிறீர்கள். அந்த ஆள் ஒரு ஃபார்முலா ஒன் பந்தயம்கூட ஓட்டியதில்லை. ஓவலில் சுற்றிச் சுற்றி வர என்ன திறமை வேண்டியிருக்கிறது? ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்துப் பிடித்தால் போதாதா?"

போதாது. ஓவல் என்றால் நீள்வட்ட ஓடுதளம், மியர்ஸ் அதில் கொடிகட்டிப் பறந்த அமெரிக்க கார் பந்தய டிரைவர். விரிவாக இரவு எழுதுகிறேன். ஆபீஸ்.

மே 4, இரவு

முதலில் கணக்கு. அமெரிக்காவின் பெரிய ஓவல் பந்தயமான இண்டியானாபொலிஸ் 500-ஐ (சுருக்கமாக இண்டி 500) நான்கு முறை வென்றவர்கள் இதுவரை நாலே பேர். ஏ.ஜே. ஃபாய்ட், அல் அன்சர், ரிக் மியர்ஸ், எலியோ காஸ்ட்ரோநெவெஸ். ஃபாய்ட் அங்கே 35 முறை ஓடினார். அன்சர் 27 முறை. மியர்ஸ் ஓடியது 15 முறைதான். அந்தப் பதினைந்தில் 11 முறை முதல் வரிசையில் நின்று கிளம்பினார், ஆறு முறை போல், அதாவது தகுதிச் சுற்றில் வேகமானவருக்குக் கிடைக்கிற முதல் இடம். அந்த ஆறு இன்றும் சாதனை.

வென்ற வருடங்கள் 1979, 1984, 1988, 1991. இது போக கார்ட் (CART) என்கிற அமெரிக்கப் பந்தயத் தொடரின் சாம்பியன் பட்டம் மூன்று முறை: 1979, 1981, 1982.

கணக்கை வைத்து யாரையும் ரசிகராக்க முடியாது, தெரியும். கேள்வி "என்ன திறமை" என்பதுதானே, அதற்கு வருகிறேன்.

மே 5

இடப்பக்கம் ஒடிப்பது பற்றி. நானும் ஒரு காலத்தில் இதையே நக்கலாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். வீட்டில் ஸ்டீயரிங், பெடல் எல்லாம் வாங்கி மாட்டி, கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் இண்டியானாபொலிஸை ஓட்டிப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஓடுதளம் 2.5 மைல். நீள நேர்பாதை இரண்டு, குட்டி நேர்பாதை இரண்டு, திருப்பங்கள் நான்கு. திருப்பத்தின் சாய்வு பத்து டிகிரிகூட இல்லை. டிவியில் பார்த்தால் தட்டை மாதிரிதான் தெரியும். காரை இடப்பக்கம் திரும்புவதற்கென்றே தயார் செய்திருப்பார்கள், வலது பின்சக்கரம் இடதைவிடக் கொஞ்சம் பெரிது. அதனால் நேர்பாதையில் கார் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்த மாடு மாதிரி இடப்பக்கமே போகப் பார்க்கும். நீங்கள் வலப்பக்கம் பிடித்துக்கொண்டு போகவேண்டும். திருப்பம் வந்ததும் பிடியைத் தளர்த்தினால் அதுவாகவே உள்ளே இறங்கும். நான் ஒடித்தேன். பின்பக்கம் வழுக்கி, நேராகச் சுவர். திரையில்தான், இருந்தும் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

200 சுற்றில் 800 திருப்பம். பெட்ரோல் தீரத்தீர காரின் எடை மாறும், டயர் தேயும், வெயில் ஏறும், காற்று திசை மாறும். முதல் திருப்பத்தில் சரியாகப் போன கார் மூன்றாவதில் முரண்டு பிடிக்கும். இதற்கெல்லாம் காக்பிட்டுக்குள் இருக்கிற குட்டி லீவர்களை வைத்து ஓட்டிக்கொண்டே ஈடுகட்ட வேண்டும். மியர்ஸின் வித்தை இங்கேதான். காலையில் வந்த காரும் மாலையில் இருந்த காரும் ஒன்றாக இருக்காது. மற்றவர்கள் காரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டே வருவார். கடைசி ஐம்பது சுற்றில்தான் உண்மையான மியர்ஸ் வெளியே வருவார். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுப்பார் என்பது அவருக்குத்தான் பொருந்தும்.

மே 5, பின்னிரவு

"பெட்ரோல் தீரத்தீர" என்று மேலே எழுதியதைப் பிடித்துக்கொண்டு, மியர்ஸ் காலத்தில் அங்கே பெட்ரோல் கிடையாது, மெத்தனால் என்று ஒருவர் உள்பெட்டியில் வகுப்பெடுத்திருக்கிறார். பழக்க தோஷம் சார். எது டாங்கில் போனாலும் நமக்குப் பெட்ரோல்தான். மெத்தனாலுக்கென்று தனிக் கதை இருக்கிறது, வரும்.

மே 7

ஆள் எங்கிருந்து வந்தார் என்று கேட்டவருக்கு. 1951 டிசம்பரில் கான்சஸ் மாநிலம் விசிட்டாவில் பிறந்தவர். வளர்ந்தது கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில். அப்பா பில், அண்ணன் ரோஜர், இவர் என்று குடும்பமே வண்டிப் பைத்தியம். மண்ணிலும் பாலைவனத்திலும் பக்கி என்கிற மணல் வண்டி ஓட்டித்தான் கை பழகினார். கார்ட்டிங் பள்ளி, ஐரோப்பிய ஜூனியர் ஃபார்முலா என்கிற இன்றைய ஏணி எதிலும் அவர் ஏறவில்லை.

1976-இல் ஒன்டாரியோ ஓடுதளத்தில் பழைய ஈகிள் கார் ஒன்றில் முதல் பெரிய பந்தயம். அந்தக் காரைக் கொடுத்தவர் பில் சிம்சன். தீப்பிடிக்காத பந்தய உடை செய்யும் தொழிலில் பெயர் வாங்கிய அதே சிம்சன். 1977-இல் இண்டியானாபொலிஸ் வந்தார், தகுதிச் சுற்றையே தாண்டவில்லை.

பிறகு கொலராடோ மலைகளில் மோட்டார் சைக்கிள் பயணம் ஒன்று. அதே கூட்டத்தில் பந்தய அணி உரிமையாளர் ரோஜர் பென்ஸ்கியும் இருந்தார். பென்ஸ்கிக்கு அப்போது ஒரு பிரச்சினை. அவருடைய டிரைவர் மரியோ ஆண்ட்ரெட்டி 1978-இல் லோட்டஸுக்காக ஃபார்முலா ஒன் ஓட்டப் போகிறார், பாதிப் பந்தயங்களுக்கு ஆள் வேண்டும். அந்தப் பாதி நேர வேலைக்கு, பெரிதாக எதையும் வென்றிராத மியர்ஸைக் கூப்பிட்டார். அந்த வருடம் மரியோ உலக சாம்பியன் ஆனார். பாதி நேர ஆள் மூன்று பந்தயம் வென்றார். அடுத்த வருடம் முழுநேரம், இரண்டாவது இண்டி 500-லேயே வெற்றி. வயது 27.

அதன் பிறகு ஓய்வுபெறும் வரை வேறு அணிக்கு மாறவே இல்லை.

மே 8

ஃபார்முலா ஒன் ஓட்டத் தெரியாதவர் என்று இன்னொருவர் முடிவே கட்டிவிட்டார். இரண்டு விஷயம்.

ஒன்று, 1978-இல் அமெரிக்கத் தொடர் இங்கிலாந்துக்குப் போய் இரண்டு பந்தயம் நடத்தியது. சில்வர்ஸ்டோனில் ஃபாய்ட் வென்றார். பிராண்ட்ஸ் ஹாட்சில் மியர்ஸ் வென்றார். பிராண்ட்ஸ் ஹாட்ச் ஓவல் இல்லை. மேடு, பள்ளம், வலப்பக்கம், இடப்பக்கம் எல்லாம் உண்டு.

இரண்டு, 1980-இல் பெர்னி எக்கல்ஸ்டோன் அவரைத் தன் ஃபார்முலா ஒன் அணியான பிரபமின் காரில் உட்காரவைத்து பிரான்ஸின் பால் ரிக்கார்டிலும் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடிலும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அணியின் டிரைவர் நெல்சன் பிக்கே. மியர்ஸின் நேரம் அவருக்குப் பக்கத்திலேயே வந்தது. இடம் கிடைக்கும் நிலை இருந்தும் வேண்டாம் என்று ஊரிலேயே இருந்துவிட்டார். அடுத்த வருடமே பிக்கே உலக சாம்பியன்.

அவர் போயிருக்கலாம் என்று நானும் பல வருடம் ஆதங்கப்பட்டிருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவருக்கு ஓவல் பிடித்திருந்தது, பென்ஸ்கியைப் பிடித்திருந்தது. ஐரோப்பாவில் ஜெயித்தால்தான் பெரிய ஆள் என்பது நாம் வைத்திருக்கிற அளவுகோல், அவருடையது இல்லை.

மே 10

மெத்தனால்.

1964 இண்டி 500-இன் இரண்டாவது சுற்றில் பெரிய விபத்து. பெட்ரோல் பற்றி எரிந்ததில் டேவ் மெக்டொனால்டும் எடி சாக்ஸும் செத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே பெட்ரோலை விட்டுவிட்டு மெத்தனாலுக்கு வந்தார்கள். சூடு குறைவு, தண்ணீர் ஊற்றினாலே அணையும். ஒரே கெடுதல், பகல் வெளிச்சத்தில் அது எரிவது கண்ணுக்குத் தெரியாது. புகையும் இல்லை.

1981 பந்தயம். மியர்ஸ் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தவர் எரிபொருள் போட நிறுத்துகிற இடமான பிட்டுக்குள் நுழைகிறார். எரிபொருள் குழாயைக் காரில் மாட்டும் முன்பே அதிலிருந்து மெத்தனால் பீய்ச்சி அடித்துவிட்டது. சூடான பாகத்தில் பட்டதும் பற்றிக்கொண்டது. ஹெல்மெட், தோள், மார்பு எல்லாம் எரிகிறது. ஆனால் வீடியோவில் பார்த்தால் ஒரு மனிதர் காரிலிருந்து குதித்துக் கையை உதறிக்கொண்டு ஓடுகிறார், அவ்வளவுதான். நெருப்பு தெரியாது. முதல் தடவை பார்த்தபோது இவர் ஏன் இப்படி ஆடுகிறார் என்றுதான் நினைத்தேன். என்ன நடக்கிறது என்று தெரிந்த பிறகு பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

அங்கே நின்றவர்களுக்கும் அதே கதிதான். பாதுகாப்பு ஊழியர் ஒருவர் தீ இருப்பது தெரியாமல் மியர்ஸின் ஹெல்மெட்டைக் கழற்றப் போகிறார், கையில் சுட்டதும் ஓடிவிடுகிறார். மியர்ஸால் மூச்சு விட முடியவில்லை. பிட் சுவரைத் தாண்டிக் குதிக்கிறார். தீயணைப்பான் வைத்திருந்த இன்னொருவர் அதைப் போட்டுவிட்டு ஓடுகிறார். அதை எடுத்துத் தன் மீதே அடித்துக்கொள்ள முயன்றுகொண்டிருக்கும்போது அப்பா பில் வந்து பிடுங்கி அடித்து அணைத்தார்.

மூக்கில் பிளாஸ்டிக் சர்ஜரி. மெக்கானிக்குகளும் மருத்துவமனையில். ஒருவரும் சாகவில்லை. காரில் மாட்டினால் மட்டும் திறக்கிற வால்வு உள்ள குழாய் இதற்குப் பிறகுதான் வந்தது.

அந்த வருட சாம்பியன் பட்டம் அவருக்கே.

மே 10, பத்து நிமிடம் கழித்து

ஓடிப்போன ஊழியர்களை "கோழைகள்" என்று எழுதியவருக்கு: கண்ணுக்குத் தெரியாத தீ உங்கள் கையில் பிடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று பார்க்கலாம். நான் முதலில் ஓடுவேன்.

மே 12

1982. இதை எழுதாமல் விட்டால் இழை முடியாது.

கிளம்பும்போதே கலவரம். முதல் வரிசையில் மியர்ஸுக்குப் பக்கத்தில் நின்ற பென்ஸ்கியின் இன்னொரு கார், கெவின் கோகன் ஓட்டியது, பச்சைக்கொடி விழும் முன்பே வலப்பக்கம் வெட்டித் திரும்பி ஃபாய்ட் மீது மோதி, மரியோ ஆண்ட்ரெட்டியையும் இழுத்துக்கொண்டு போனது. போலில் நின்ற மியர்ஸ் தப்பினார்.

கடைசியில் களத்தில் இரண்டே பேர். மியர்ஸ், கோர்டன் ஜான்காக். கடைசி பிட் நிறுத்தத்தில் மியர்ஸின் ஆட்கள் தேவைக்கு அதிகமாக எரிபொருள் நிரப்பிவிட்டார்கள். ஜான்காக்கின் ஆட்கள் முடிக்கத் தேவையானதை மட்டும் போட்டு அனுப்பினார்கள். மியர்ஸ் வெளியே வந்தபோது 11 வினாடி பின்னால். ஆனால் ஜான்காக்கின் கார் தேய்ந்துபோய்த் திரும்ப மறுக்கிறது. மியர்ஸ் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு வினாடி வீதம் பிடித்துக்கொண்டே வருகிறார்.

கடைசிச் சுற்று தொடங்கும்போது பக்கத்தில் வந்துவிட்டார். முதல் திருப்பம். ஜான்காக் வழி விடவில்லை. மியர்ஸ் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். மிச்ச மூன்று திருப்பத்தில் மறுபடி பிடித்தார், போதவில்லை. வித்தியாசம் 0.16 வினாடி. அந்த வேகத்தில் ஏறக்குறைய மூன்று கார் நீளம். அதுவரையான இண்டி 500 வரலாற்றில் அவ்வளவு நெருக்கமான முடிவு வந்ததே இல்லை. பத்து வருடம் கழித்து 0.043 வினாடியில் அல் அன்சர் ஜூனியர் அதை முறியடித்தார்.

மே 13

"அந்த முதல் திருப்பத்தில் வெளிப்பக்கமாகப் போயிருந்தால் ஜெயித்திருப்பார், பயந்துவிட்டார்" என்று ஒரு கட்சி.

சுவருக்கும் இன்னொரு காருக்கும் நடுவே மணிக்கு 200 மைலில் போவது பற்றி சோபாவில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு சொல்வது சுலபம். அந்த வருடம் அதே ஓடுதளத்தில் தகுதிச் சுற்றில் கோர்டன் ஸ்மைலி சுவரில் மோதிச் செத்திருந்தார். அது எல்லோர் மனதிலும் இருந்திருக்கும்.

ஆனால் "வெளிப்பக்கம்" என்று சொன்னீர்கள் பாருங்கள், அதை மறக்காதீர்கள். 1991 வரட்டும்.

மே 15

கால்.

1984-இல் மே மாதம் இரண்டு சுற்று முன்னணியில் இண்டி 500-ஐ வென்றார். செப்டம்பரில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சானேர் ஓடுதளம், பயிற்சி ஓட்டம். கார் தடுப்பு வேலியில் போய்ச் சொருகியது. முன்பக்கம் முழுக்க நசுங்கி, இரண்டு பாதங்களும் நொறுங்கின.

இது அவர் ஒருவரின் துரதிர்ஷ்டம் மட்டும் இல்லை. அந்தக் காலத்துக் கார்களில் டிரைவர் உட்காரும் இடத்தை முன்னால் தள்ளிக்கொண்டே போனார்கள். காற்றழுத்தத்தால் காரைத் தரையோடு பிடித்துவைக்கிற சுரங்கங்களுக்குப் பின்னால் இடம் வேண்டுமே. விளைவு, டிரைவரின் பாதம் முன்சக்கர அச்சுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மோதினால் முதலில் வாங்குவது பம்பர் இல்லை, பாதம். எண்பதுகளில் கால் நொறுங்கிய டிரைவர்களின் பட்டியல் நீளம். விதிகளை மாற்றி டிரைவரைப் பின்னால் இழுத்தது பிறகுதான்.

பாதங்களை எடுத்துவிடலாமா என்கிற பேச்சு வரை போனது. இண்டியானாபொலிஸ் மெதடிஸ்ட் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் டெர்ரி ட்ரம்மெல் வெட்டாமல் காப்பாற்றினார். ஆனால் பழைய கால் திரும்பவில்லை. சாலைப் பாணி ஓடுதளங்களில் ஓயாமல் பிரேக் மிதிக்க வேண்டும், அந்தக் கால் ஒத்துழைக்காது. விபத்துக்குப் பிறகு அந்த மாதிரி ஓடுதளத்தில் அவர் வென்றது ஒரே ஒரு முறை, 1989-இல் லகூனா செகாவில்.

ஆகவே "ஓவல் மட்டும்தான் தெரியும்" என்பவர்களே, 1984-க்கு முன், 1984-க்குப் பின் என்று பிரித்துப் பாருங்கள்.

மே 16

அவர் கால் முழுசாகத் தேறாத 1985-இல் பென்ஸ்கி கூப்பிட்டுக்கொண்டது அல் அன்சரை. அன்சர் அந்த வருட சாம்பியன் ஆனார், சொந்த மகனை ஒரே புள்ளியில் தோற்கடித்து! வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு எப்படி இறங்கியிருக்கும்?

அன்சரைச் சொன்னதும் 1987 ஞாபகம் வருகிறது. தலைப்புக்கு வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மே மாதம் அன்சருக்குக் காரே இல்லை. பென்ஸ்கியின் டேனி ஓங்கைஸ் பயிற்சியில் அடிபட்டதும் அன்சரைக் கூப்பிட்டார்கள். மார்ச் என்கிற நிறுவனத்தின் பழைய கார் ஒன்று பென்சில்வேனியாவில் ஒரு ஹோட்டல் லாபியில் காட்சிப்பொருளாக நின்றுகொண்டிருந்தது. அதை எடுத்துவந்து தூசி தட்டி எஞ்சின் மாட்டி ஓட்டினார். மரியோ பந்தயம் முழுக்க முன்னால் போய்விட்டுக் கடைசியில் நின்றுபோனார். 47 வயது அன்சர் ஜெயித்தார். மியர்ஸ் முடிக்கவே இல்லை.

மே 18

வேலை விஷயமாக இண்டியானாவில் இருந்தபோது மே மாதத்துப் பயிற்சி நாள் ஒன்றில் உள்ளே போயிருக்கிறேன். பந்தய நாள் கூட்டம் கிடையாது, விரும்பிய இடத்தில் உட்காரலாம். முதல் திருப்பத்தில் போய் உட்கார்ந்தேன். டிவியில் அகலமாகத் தெரிகிற நேர்பாதை, இரண்டு பக்கமும் கேலரி எழும்பி நிற்பதால் நேரில் ஒரு சந்து. அந்தச் சந்தின் மறுமுனையில் ஒரு புள்ளி தெரிந்தது. அது கார் என்று உறைப்பதற்குள் கடந்து போய்விட்டது. பிரேக் சத்தம் இல்லை, எஞ்சின் குரல் லேசாக ஒரு இழை குறைந்தது, அவ்வளவுதான். மூக்கு உள்கோட்டைத் தொட்டு, வால் சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் வெளியேறியது.

பக்கத்தில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருந்தார். மியர்ஸ் பெயரை எடுத்தேன். சுற்று நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தன் இடதுகையால் முதல் திருப்பத்தின் வெளிப்பக்கத்தைச் சுட்டிக்காட்டினார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை, இருவருக்கும்.

மே 20

1991.

அதுவரை இண்டியானாபொலிஸில் மியர்ஸ் ஒரு தடவைகூடச் சுவரில் மோதியதில்லை. அந்த மே மாதம் பயிற்சியில் சக்கரம் ஒன்று போய் முதல் தடவையாக மோதினார். வலது பாதத்தில் எலும்பு முறிவு. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் மாற்றுக் காரில் ஏறி சராசரி 224.113 மைல், போல். ஒரு சுற்றுக்கு 40 வினாடி.

பந்தயத்தில் வலி தாங்காமல் நேர்பாதையில் இடது காலைக் குறுக்கே போட்டு ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டு ஓட்டினார் என்பதை முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. அவர் வாயாலேயே பேட்டியில் கேட்ட பிறகு நம்பினேன். முயற்சி செய்ய வேண்டாம்.

பெரும்பாலான நேரம் முன்னால் போனவர் மரியோவின் மகன் மைக்கேல் ஆண்ட்ரெட்டி. கடைசிப் பதினைந்து சுற்றுக்குள் யாரும் முந்தக்கூடாது என்கிற மஞ்சள்கொடி முடிந்து, மறுபடி ஓடலாம் என்கிற பச்சை விழுகிறது. மைக்கேல் முதல் திருப்பத்தில் வெளிப்பக்கமாக மியர்ஸைத் தாண்டிவிட்டார். கேலரி எழுந்து நிற்கிறது. அப்படி ஒரு ஓவர்டேக்குக்குப் பதில் கிடையாது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அடுத்த சுற்று. அதே முதல் திருப்பம். மியர்ஸ் வெளிப்பக்கம் போனார். மைக்கேல் உள்ளே, மியர்ஸ் சுவரோரம், இருவரும் காலை எடுக்கவில்லை. வெளியே வரும்போது மியர்ஸ் முன்னால்.

ஒன்பது வருடத்துக்கு முன் காலை எடுத்த அதே திருப்பம். "பயந்துவிட்டார்" கட்சி எங்கே?

மைக்கேலையும் சொல்லவேண்டும். வாழ்நாளில் இண்டி 500-இல் 431 சுற்றுகள் முன்னணியில் இருந்தவர், ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை. ஜெயிக்காதவர்களில் அதுதான் அதிகம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதற்கு அந்தக் குடும்பத்தை மிஞ்ச ஆள் இல்லை.

மே 21

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. "பொறுமைசாலி" என்று இந்த இழை முழுக்க எழுதிக்கொண்டு வருகிறேன். பொறுமைசாலி எப்படி ஆறு போல் எடுப்பார்? தகுதிச் சுற்றில் பொறுக்க நேரமே இல்லை. நான்கே சுற்று, முதல் திருப்பத்திலிருந்தே காரின் எல்லையில் ஓட்டவேண்டும். கால் உடைந்த மறுநாள் அதைச் செய்த ஆளைப் போய்ப் பொறுமைசாலி என்பதா?

இப்போது எனக்குப் படுவது: கார் எவ்வளவு தாங்கும் என்பது அவருக்கு மற்றவர்களைவிடத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை அது முழுவதையும் செலவழித்தார். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரை சேர்த்துவைத்தார். 1988-லும் அதுதான். போலில் கிளம்பி, கார் சரியில்லாமல் பின்தங்கி, மாற்றி மாற்றிச் சரிசெய்து கடைசியில் ஜெயித்தார். டேனி சல்லிவன் அன்று ஆரம்பத்தில் பறந்தார், பாதியில் சுவர்.

இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் எழுதுங்கள். சண்டை போடலாம்.

மே 23

ஓய்வு பற்றிக் கேட்டார்கள். 1992 பயிற்சியில் மறுபடி பெரிய மோதல், கார் கவிழ்ந்தது, மணிக்கட்டு போயிற்று. பந்தயத்திலும் இன்னொருவரின் விபத்தில் இவர் மாட்டினார். டிசம்பரில் பென்ஸ்கி அணியின் கிறிஸ்துமஸ் விருந்தில் எழுந்து, போதும் என்று சொல்லிவிட்டார். பிரியாவிடைச் சுற்றுப்பயணம், கண்ணீர்ப் பேட்டி எதுவும் இல்லை. வயது 41. மொத்தம் 29 வெற்றி.

பிறகும் அதே அணியில் ஆலோசகராகவும், உயரத்திலிருந்து பார்த்து டிரைவருக்கு ரேடியோவில் சொல்லும் ஸ்பாட்டராகவும் இருந்தார். காஸ்ட்ரோநெவெஸ் முதல் மூன்று இண்டி 500-ஐ வென்றது பென்ஸ்கி அணியில்தான். தன் சாதனையைச் சமன் செய்யப் போகிறவனுக்குத் தானே பாடம் எடுத்திருக்கிறார்!

மே 23, இரவு

முதலில் எந்தப் பந்தயத்தைப் பார்ப்பது என்று கேள்வி. 1982-ஐ முதலில் பாருங்கள், கடைசி பிட் நிறுத்தத்திலிருந்து பார்த்தாலும் போதும். 1984 வேண்டாம், இரண்டு சுற்று முன்னணியில் யாரும் நகம் கடிக்க மாட்டார்கள். 1991-ஐ முழுசாகப் பாருங்கள். கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்து "அதிர்ஷ்டம்" என்று எழுதினால் பதில் போடமாட்டேன்.